கரடியார் வீட்டில் வழுக்கியின் தண்ணீர்

ஒரு காட்டில் இரண்டு பஞ்சாயத்துகள் இருந்தன. ஒரு காட்டுக்கு ஒரு பஞ்சாயத்தே அதிகம் என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த விலங்குகளுக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒன்று நிலப் பஞ்சாயத்து. யார் எங்கே குடியிருப்பது, யார் எங்கே மேய்வது, யார் எங்கே தோண்டுவது என்பதை அது தீர்மானிக்கும். அதன் தலைவர் கரடியார். நேர்மையானவர். வேண்டியவனுக்கு ஒரு சட்டம், வேண்டாதவனுக்கு ஒரு சட்டம் என்று பேசத் தெரியாதவர். ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். உடும்பே அவரிடம்தான் பிடிக்கக் கற்றுக்கொண்டது என்று காட்டில் கேலி பேசுவார்கள்.

மற்றொன்று நீர்ப் பஞ்சாயத்து. எந்த ஓடை யாருக்கு, எந்தக் குட்டை யாருக்கு என்று பங்கிடுவது அதன் வேலை. தலைவர் நாரையார். அவருக்குக் கால் நீளம், மூக்கு நீளம், கௌரவம் அவை இரண்டையும்விட நீளம். எல்லாரையும்போலப் பேசினால் மதிப்புக் குறைந்துவிடும் என்று எப்போதும் ஏட்டுத் தமிழில்தான் பேசுவார்.

நிலப் பஞ்சாயத்து சித்திரையில் கூடும். அப்போதுதான் தரை காய்ந்திருக்கும்; எல்லாரும் கால் நனையாமல் வந்து சேரலாம். நீர்ப் பஞ்சாயத்து ஐப்பசியில் கூடும். வற்றிய ஓடையை வைத்துக்கொண்டு எதைப் பங்கிடுவது? நியாயம்தானே.

இரண்டு பஞ்சாயத்துக்கும் ஒரே விதி. ‘கண்ணால் கண்டதே சாட்சி.’ கூட்டம் நடக்கும்போது கண்ணுக்குத் தெரிவதுதான் கணக்கு. முன்பு இருந்தது, இனிமேல் வரும் என்ற பேச்செல்லாம் எடுபடாது. நிலப் பஞ்சாயத்தின் தீர்ப்பை மீறியவருக்குக் காட்டில் படுக்க இடமில்லை. நீர்ப் பஞ்சாயத்தின் தீர்ப்பை மீறியவருக்குக் குடிக்க நீரில்லை.

கரடியார் ஐப்பசிக் கூட்டத்துக்குப் போனதில்லை. நாரையார் சித்திரைக் கூட்டத்துக்கு வந்ததில்லை. இருவருக்கும் பகை ஒன்றும் கிடையாது. அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைப்பது அழகல்ல என்று இருவருமே நினைத்தார்கள். நாரையாருக்கு இருந்த மூக்கு அப்படி. நுழைத்திருந்தால் நன்றாகவே நுழைந்திருக்கும்.

அந்தக் காட்டில் மலையடிவாரத்தை ஒட்டி ஒரு கோரைவெளி இருந்தது. கோரைப்புல் தவிர அங்கே ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் நீர் அங்கே வந்து உட்காரும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, கீழே இருந்த மடுவுக்கு வரும். கோடை முழுவதும் காடு குடித்தது அந்தக் கசிவைத்தான்.

அந்த மடுவில் வழுக்கி என்ற நீர்நாய் வாழ்ந்துவந்தாள். பெயருக்கேற்ற உடம்பு, பிடித்தால் கையில் நிற்க மாட்டாள். பேச்சிலும் அப்படித்தான்.

ஒரு சித்திரையில், தோண்டன் என்ற காட்டுப்பன்றி தன் கூட்டத்தோடு நிலப் பஞ்சாயத்துக்கு வந்தான்.

“கோரைவெளியில மேல்பாதியைக் கொடுங்க. வெறுமனேதான் கிடக்குது” என்றான்.

கரடியார் பார்த்தார். தரை வெடித்துக் கிடந்தது. கோரை மஞ்சளாகச் சாய்ந்து கிடந்தது. ஈ, காக்கை இல்லை.

“கண்ணால கண்டாச்சு. எடுத்துக்கோ” என்றார்.

தோண்டனுக்குக் கோரைக்கிழங்கு என்றால் உயிர். குடும்பத்தோடு இறங்கித் தோண்டித் தின்றான். மழை வந்தால் மிச்சக் கிழங்கு அழுகிவிடுமே என்று, நீர் வடிவதற்கு மேலிருந்து கீழே மடுவரை நேராக ஒரு வாய்க்கால் வெட்டினான். வாய்க்கால் வெட்டுவதில் அவன் கோரைப்பல்லுக்கு இணையில்லை.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. வந்த நீர் கோரைவெளியில் உட்காரவே இல்லை. வாய்க்காலில் விழுந்து, மடுவை நிறைத்து, மடுவைத் தாண்டி, காட்டுக்கு வெளியே ஓடும் பேராற்றுக்குப் போய்விட்டது. நாரையாரின் கூட்டத்தன்று மடு ததும்பி வழிந்தது. “நீர் நிறைந்துள்ளது. குறைவின்றிப் பெறுக!” என்று அவர் வாரி வழங்கினார்.

பங்குனியில் மடு வற்றிப்போனது.

மீன்குஞ்சுக்கு நீச்சல் கற்றுத்தர வேண்டாம் என்பார்கள். நீர்நாய்க் குட்டிக்கு அப்படியில்லை. தாய்தான் கற்றுத்தர வேண்டும். வழுக்கிக்கு அப்போது மூன்று குட்டிகள். பாதி நீச்சல்தான் பழகியிருந்தன. வேறு வழியில்லாமல் அவற்றை அழைத்துக்கொண்டு பேராற்றுக்குப் போனாள். பேராற்றில் முதலைகள் உண்டு.

போகும்போது நான்கு பேராகப் போனவள், திரும்பும்போது ஒருத்தியாக வந்தாள்.

வந்தவள் அழுதாள். அழுது முடித்துவிட்டு, வறண்டு கிடந்த ஓடைத் தடத்தைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தாள். தோண்டனின் வாய்க்காலைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. அடுத்த ஈற்றுக் குட்டிகள் பிழைக்க வேண்டுமானால் மடுவில் கோடையிலும் நீர் வேண்டும். மடுவில் நீர் வேண்டுமானால் இந்த வாய்க்கால் இருக்கக் கூடாது.

அப்போது சித்திரை. நிலப் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. வழுக்கி நேராகக் கரடியாரிடம் போனாள்.

“கரடியாரே, மடு வத்திப்போச்சு. தோண்டன் வாய்க்காலை மூடச் சொல்லுங்க.”

“மடுவுல வத்தினது மண்ணா, தண்ணியா?”

“தண்ணிதான்.”

“அப்போ நாரையார்கிட்ட போ. இங்க மண் விஷயம் மட்டும்தான் பேசுவோம்” என்றார் கரடியார். கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவருக்கு வழி காட்டுவதுபோல்தான் சொன்னார்.

வழுக்கி நாரையாரைத் தேடிப் போனாள். அவர் இலவமரத்தின் உச்சியில் ஒற்றைக்காலில் நின்றிருந்தார். மடுவில் மீன் இல்லாததால் கொஞ்சம் இளைத்திருந்தார். கேட்டால் ‘விரதம்’ என்பார்.

“ஐயா, கோரைவெளியில வாய்க்கால் வெட்டித் தண்ணியை வடிச்சிட்டாங்க. நீங்கதான் கேக்கணும்.”

“கோரைவெளி என்பது நிலமா, நீரா?”

“இப்போ நிலம். மழைக்காலத்துல தண்ணி.”

“இப்போது நிலமெனில் இப்போது கரடியாரிடம் செல்க. நீராகும் காலத்தில் நம்மிடம் வருக” என்று சொல்லிவிட்டு நாரையார் கண்ணை மூடிக்கொண்டார்.

இப்படி இருவரும் அவளைப் பந்தாடினார்கள். ஆனால் நாரையார் தட்டிக் கழிப்பதற்குச் சொன்ன அந்தக் கடைசி வார்த்தை வழுக்கியின் காதில் முள்ளாகத் தங்கிவிட்டது. ‘நீராகும் காலத்தில் வருக.’ மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்று யோசித்தாள். அதற்குள் கோரைவெளியை வேறு யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று மீண்டும் கரடியாரின் கூட்டத்துக்கே போனாள்.

அங்கே கூட்டம் முடியும் தறுவாயில் இருந்தது. எல்லாருக்கும் கொடுத்த பிறகு, கரடியார் முதன்முறையாகத் தனக்கென்று ஓர் இடம் கேட்டார். அவருடைய பழைய குகை இடிந்துபோயிருந்தது.

“கோரைவெளியில கீழ்ப்பாதி யாருக்கும் கொடுக்கலை. மண்ணு நல்லா மெத்துனு இருக்குது. அங்க வீடு தோண்டிக்கலாம்னு இருக்கேன். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?”

“உண்டுங்க” என்றாள் வழுக்கி. “அது கோரைவெளியோட அடிவயிறு. மழையில அங்கதான் தண்ணி நிக்கும்.”

கரடியார் அங்கே போய்க் காலால் ஒரு தட்டுத் தட்டினார். புழுதி பறந்தது.

“எங்க தண்ணி? காட்டு.”

எல்லாரும் சிரித்தார்கள். தோண்டன் விழுந்து விழுந்து சிரித்தான். வழுக்கியால் எதைக் காட்ட முடியும்? புழுதியைத்தான் காட்டலாம்.

“கண்ணால கண்டதே சாட்சி” என்றார் கரடியார்.

“சரிங்க. நீங்க வீடு கட்டுங்க” என்றாள் வழுக்கி. “கிரகப்பிரவேசத்துக்கு நான் கட்டாயம் வர்றேன்.”

“வா, வா. தேன் தர்றேன்” என்றார் கரடியார். நல்ல மனம்தான் அவருக்கு.

ஆவணியில் வழுக்கிக்கு இரண்டு குட்டிகள் பிறந்தன. கண் திறந்ததும் ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டு உருண்டன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் வழுக்கிக்குப் பங்குனி நினைவு வரும்.

ஐப்பசி வந்தது, மழையும் வந்தது. நாளும் பொழுதும் விடாமல் பெய்தது. மரங்கொத்தி தண்டோரா போட, நீர்ப் பஞ்சாயத்து பெரிய பாறையின் மேல் கூடியது. மான்கள் ஓடையைக் கேட்டன, கொடுத்தார் நாரையார். யானைகள் அருவியைக் கேட்டன, கொடுத்தார். வழுக்கியின் முறை வந்தது.

“எனக்குக் கோரைவெளியில நிக்கிற தண்ணியைக் கொடுங்க.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“ஓடையும் அருவியும் இருக்க, சேத்துத் தண்ணியைக் கேக்குறாளே!” என்றான் தோண்டன். “கொடுத்துடுங்க ஐயா. மழை விட்டா அது ஒரு பொழுதுகூட நிக்காது.”

நாரையார் கழுத்தை நீட்டிப் பார்த்தார். வாய்க்கால் எவ்வளவு வடித்தாலும், மழை விடாததால் கோரைவெளியில் மெல்லியதாக நீர் மின்னியது.

“கண்ணால் கண்டோம். வழங்கினோம்” என்றார். வழக்கமாக ஒவ்வொருவருக்கும் சொல்லும் வாசகத்தையும் சேர்த்துக்கொண்டார்: “இந்நீரை வழுக்கியின் இசைவின்றி எவரும் வடிக்கவோ திருப்பவோ கூடாது.”

வழுக்கிக்கு வேண்டியிருந்தது அந்த வாசகம்தான்.

பாறையிலிருந்து இறங்கியவள் நேராக வாய்க்காலுக்குப் போனாள். கல், சேறு, கோரைத்தாள், கிளை என்று கிடைத்ததையெல்லாம் போட்டு, அது கோரைவெளியை விட்டு இறங்கும் வாயை அடைத்தாள். கைகள் கன்றிப்போகும்வரை அடைத்தாள். குட்டிகளும் உதவின. அதாவது, அவள் வைத்த சேற்றில் பாதியைக் கலைத்து விளையாடின.

தோண்டன் பாய்ந்து வந்தான். “என்னடி பண்றே? என் கிழங்கு அழுகிடும்! முட்டித் தள்ளிடுவேன்!”

“முட்டு” என்றாள் வழுக்கி. “இது பஞ்சாயத்து கொடுத்த தண்ணி. வடிச்சவனுக்குக் காட்டுல குடிக்க நீரில்லை. கிழங்கு தின்னா விக்கும், தோண்டா. யோசிச்சு முட்டு.”

அவன் கோரைப்பல் ஒரு முழம். அவளுடைய குட்டிகள் அதன் எதிரே நின்றன. தோண்டன் உறுமினான், காலால் சேற்றைக் கிளறினான். பிறகு திரும்பிப் போய்விட்டான்.

நீர் ஏறியது.

மறுநாள் காலையில் கரடியார், வாசலில் மண்ணை உயர்த்திக் கட்டிய தன் புது வீட்டில், தூக்கம் கலைந்து புரண்டு படுத்தார். மெத்தையில் படுத்ததுபோல் சுகமாக இருந்தது. கண்ணைத் திறந்தால், மிதந்துகொண்டிருந்தார். அவருடைய தேனடை ஒரு மூலையில் மிதந்துகொண்டிருந்தது. இரண்டு நீர்நாய்க் குட்டிகள் வாசல் வழியாக வந்து, அவர் வயிற்றில் ஏறிக் குதித்து, மறுபடி வாசல் வழியாகப் போயின.

“யாரது என் வீட்டுல!”

“நான்தாங்க, வழுக்கி. கிரகப்பிரவேசத்துக்கு வர்றேன்னு சொன்னேனே.”

“என் வீட்டுக்குள்ள ஏன் தண்ணி விட்டே?”

“உங்க வீட்டை நான் தொடவே இல்லை. என் தண்ணிக்குள்ளதான் உங்க வீடு இருக்குது.”

“உன் தண்ணியா? யார் கொடுத்தது?”

“நீர்ப் பஞ்சாயத்து.”

“இது என் நிலம்! நிலப் பஞ்சாயத்து கொடுத்தது! உன் தண்ணியை எடுத்துட்டுப் போ!”

“தண்ணியை மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போக முடியுங்களா? உங்க நிலத்தை வேணா நீங்க கொஞ்சம் தள்ளி வச்சுக்குங்க.”

கரடியார் வாயைத் திறந்தார். திறந்த வாயில் கொஞ்சம் நீர் போனதுதான் மிச்சம். அடைப்பை ஒரே அடியில் உடைத்துவிட அவரால் முடியும். ஆனால் பஞ்சாயத்துத் தீர்ப்பை மீறக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர்தான். நேர்மை என்பது சில சமயம் இடுப்பளவு நீரில் நிற்கவைத்துவிடும்.

வேறு வழியில்லாமல், தலைவரான காலத்திலிருந்து முதன்முறையாக அவர் நாரையாருக்கு ஆள் அனுப்பினார். ‘வந்து பேசும்படி கேட்டுக்கொள்கிறேன்’ என்ற சேதியோடு மரங்கொத்தி பறந்தது. ‘நாம் எவரிடத்தும் செல்வதில்லை, அவர் வருக’ என்று பதில் வந்தது. கரடியாரும் போகமாட்டார். மரங்கொத்தி இறக்கை நோகப் பறந்த பிறகு, இருவரும் பாதிப் பாதித் தூரம் வருவது என்று முடிவானது. பாதித் தூரம் கோரைவெளியின் நடுவில் விழுந்தது. 

அங்கே கரடியாருக்கு இடுப்பளவு நீர்; நாரையார் நின்ற மேட்டில் அவருக்கு முழங்கால் அளவு. தோண்டனும் கூட்டத்தோடு வந்து கரையில் நின்றான். வழுக்கி குட்டிகளைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். தீர்ப்பு மாறினால் அவளுடைய கதி மறுபடி பேராறுதான்.

“நிலம் என்னோடது” என்றார் கரடியார்.

“நீர் நம்முடையது” என்றார் நாரையார்.

“நான் கொடுத்தப்போ இங்க சொட்டுத் தண்ணி இல்லை.”

“நாம் வழங்கியபோது இங்கு கையளவு நிலமும் காணவில்லை.”

இரண்டும் உண்மை. அதனால்தான் வழக்கு நகரவில்லை. வெகுநேரம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பொறுமை இழந்த தோண்டன் குறுக்கே புகுந்தான். “இதுக்கு எதுக்குங்க இத்தனை பேச்சு? அடைப்பை எடுக்கச் சொல்லுங்க. நான் வெட்டின வாய்க்கால் சாமானியமா? இத்தனை தண்ணியும் ஒரு பொழுதுல இறங்கிடும். மடுவுலகூட நிக்காது, அப்படி ஒரு வேகம்! காட்டைத் தாண்டிப் பேராத்துல போய் விழுந்துதான் மூச்சு விடும். போன வருஷம் இந்த வெளியில ஈரம்கூட மிச்சம் வைக்கலையே நான்!”

பெருமையாக நிமிர்ந்து நின்றான். யாரும் பாராட்டவில்லை.

“காட்டைத் தாண்டியா?” என்றார் கரடியார் மெதுவாக. “பங்குனியில மடு காஞ்சு கிடந்துச்சு. ஒரு வாய் தண்ணிக்குப் பேராறு வரைக்கும் நடந்தேன். வெயில் அதிகம்னு நினைச்சேன்.”

நாரையார் தோண்டனைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், தம் மெலிந்த காலைப் பார்த்தார். அப்போது காட்டில் அதுவரை யாரும் கேட்டிராத ஒன்று நடந்தது. நாரையார் சாதாரணமாகப் பேசினார்.

“பங்குனி பூரா நான் பட்டினிங்க, கரடியாரே” என்றார். “ஒரு மீன்கூட இல்லை. விரதம்னு பொய் சொன்னேன்.”

வழுக்கி அதற்குமேல் வாதாடவில்லை.

“நான் மூணு குட்டியோட பேராத்துக்குப் போனேன்” என்றாள். “ஒண்ணும் திரும்பலை. அதைத்தான் அன்னிக்கு உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்ல வந்தேன். நாரையார்கிட்ட போன்னு கரடியார் சொன்னாரு. கரடியார்கிட்ட போன்னு நாரையார் சொன்னாரு.”

கரடியார் தலை குனிந்துகொண்டார். நீரில் அவருடைய முகமே தெரிந்தது. அதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்கு இரண்டு பஞ்சாயத்தும் சேர்ந்து ஒரே தீர்ப்புச் சொல்லின. அடைப்பு அப்படியே இருக்கட்டும். கரடியாருக்கு மலைச்சரிவில் ஒரு பாறையிடுக்கு. தோண்டனுக்கு மேட்டுநிலம், தை பிறந்து நீர் இறங்கிய பின் கோரைவெளியின் ஓரத்தில் மட்டும் கிழங்கு தோண்டிக்கொள்ளலாம். தோண்டன் முணுமுணுத்துக்கொண்டே போனான். மேட்டுக் கிழங்கில் ருசியில்லை என்று இன்றுவரை முணுமுணுக்கிறான். அது உண்மையும்கூட.

இனிமேல் எந்த இடத்தைக் கொடுப்பதானாலும், கோடையில் ஒருமுறையும் மழையில் ஒருமுறையும் இரண்டு தலைவர்களும் சேர்ந்து நின்று பார்த்த பிறகே கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். கூட்டமும் ஒன்றானது. மரங்கொத்திக்கு வேலை பாதியாகக் குறைந்தது.

அடுத்த சித்திரை வந்தது. வழக்கம்போல் வெயில் கொளுத்தியது. கோரைவெளி வெடித்துக் கிடந்தது. புதிதாகக் காட்டுக்கு வந்த நரி ஒன்று கூட்டத்தில் எழுந்து நின்றது.

“எனக்கு அந்தக் கோரைவெளியைக் கொடுங்க. வெறுமனேதான் கிடக்குது.”

“வெறுமனே கிடக்கலை” என்றார் கரடியார். “அங்க என் இடுப்பளவு தண்ணி நிக்குது.”

நரி திரும்பிப் பார்த்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தது. “எங்க தண்ணி? காட்டுங்க! கண்ணால கண்டதே சாட்சின்னுதானே இந்தக் காட்டுல சட்டம்?”

“அதேதான் சட்டம். கண்ணால கண்டேன்” என்றார் கரடியார். “ஐப்பசியில.”

பக்கத்தில் நின்ற நாரையார் தலையசைத்தார். அவர் வாயில் மீன் இருந்தது, அதனால் பேசவில்லை.

வழுக்கி அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. கசிவு வந்து நிறைந்திருந்த மடுவில் அவளுக்கு வேலை இருந்தது. குட்டிகள் இரண்டும் அடியில் போய்க் கூழாங்கல் எடுத்து வரப் பழகிக்கொண்டிருந்தன. பேராற்றுக்குப் போகும் தடத்தில் அந்தக் கோடையில் யாரும் நடக்கவில்லை. அதில் செடி முளைத்துவிட்டது.

நீதி: வெயிலில் பார்த்த மண்ணை மழையிலும் பார், நீரைக் கேட்காமல் நிலத்தைப் பங்கிடாதே.